சந்தையில் வைத்த பெட்டி

ஜனவரி 9

வக்கீலம்மாவுக்கு அண்ணன் எழுதுவது.

நீ வக்கீல் இல்லை, சட்டசபைச் செயலகத்தில் மசோதா எழுதுகிறவள் என்பது எனக்குத் தெரியும். வீட்டில் வைத்த பேர் வைத்ததுதான். ஆளைப் பார்த்து வைத்த பேர்.

போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். சட்டசபைக்கு ஜெயித்து வருகிற அண்ணனோடு பேசினால் அலுவலகத்தில் தப்பாக நினைப்பார்களாம். தபால்காரன் மட்டும் நினைக்க மாட்டானா? சரி, உன் இஷ்டம். நமக்கும் போனில் பேசினால் மூன்றாவது வார்த்தையில் சண்டை வந்துவிடுகிறது. எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது, அந்த லாபம் எனக்கு.

ஜெயித்தது நூற்றுச் சொச்சம் ஓட்டில். வாக்குச்சாவடி ஓட்டுகளை எண்ணி முடித்தபோது எனக்கு எதிராக நின்ற மருந்துக்கடைக்காரர்தான் முன்னால் இருந்தார். அவர் ஆட்கள் ஒருவருக்கொருவர் கைகுலுக்க ஆரம்பித்துவிட்டார்கள். அப்புறம் சந்தைப் பெட்டியைத் திறந்தார்கள். அவர் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும்.

மூட்டை தூக்குகிறவர்கள், லாரி ஓட்டுகிறவர்கள், எடை போடுகிற பெண்கள். தேர்தல் நாளன்று இவர்களில் பாதிப் பேர் ஊரிலேயே இருக்க மாட்டார்கள், மீதிப் பேருக்கு வரிசையில் நின்றால் அன்றைக்குக் கூலி கிடையாது. இத்தனை வருஷமாக இவர்கள் ஓட்டு யாருக்கும் தேவைப்படவில்லை. இந்தத் தடவை தேர்தலுக்கு முந்திய வாரம் முழுக்கப் பெட்டி சந்தை வாசலிலேயே இருந்தது. மூட்டையை இறக்கிவிட்டு வந்து ஓட்டுப் போட்டுவிட்டுப் போனார்கள்.

முடியாது என்று நீ சொன்னாய். நான் நேரே தேர்தல் அதிகாரியிடம் போய்க் கேட்டேன். ஒரு சுற்றறிக்கையில் வேலை முடிந்தது. கேட்கிற இடத்தில் கேட்டால் கிடைக்காத சரக்கு உண்டா? வியாபாரிகள் சங்கத்தில் எனக்குப் பாராட்டு வைத்தார்கள். நானும் எழுந்து நெடுநேரம் பேசினேன். நல்ல கைதட்டல்.

பதவி ஏற்கிற அன்றைக்காவது வந்து ஓர் ஓரமாக நில்.

அண்ணன்


ஜனவரி 17

அண்ணா,

வாழ்த்துகள். வேலையை விட்டு வர முடியாது, பார்வையாளர் மாடத்திலிருந்து பார்ப்பேன்.

நான் "முடியாது" என்று சொன்னது ஏன் என்பதை நீ மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். மாநிலத் தேர்தலை எப்படி நடத்துவது என்பதை மாநிலச் சட்டசபைதான் சட்டம் போட்டுத் தீர்மானிக்க வேண்டும் என்று அரசியல் சட்டம் சொல்கிறது. சந்தை, ஆலை போன்ற இடங்களில் முன்கூட்டியே பெட்டி வைக்கலாமா என்று போன வருஷம் சட்டசபைக் குழுவில் பேசினார்கள். குறிப்பு எடுத்தவள் நான். வைக்க வேண்டாம் என்று முடிவு செய்தார்கள், அதிகாரிக்கும் அந்த அதிகாரத்தைக் கொடுக்க வேண்டாம் என்றார்கள். அவர்கள் சொன்ன காரணம் எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் முடிவு அவர்களுடையது.

உனக்குப் புரிய வேண்டும் என்று அன்றைக்கு உன் கடையை வைத்தே சொன்னேன். கடை மேனேஜர் ஷட்டரை ஒரு மணி நேரம் முன்னால் தூக்கலாம். முதலாளியைக் கேட்காமல் எதிர்த்தெருவில் இரண்டாவது கடை திறக்க முடியாது. அதிகாரி மேனேஜர். சட்டசபை முதலாளி. நீ சிரித்தாய்.

இப்போது இரண்டு விஷயம் எனக்கு உறுத்துகிறது. சுற்றறிக்கை வந்த அன்று காலையிலேயே உன் ஆட்கள் லாரி ஓட்டுநர்களை வரிசையாக அழைத்துவந்து நிறுத்தியதாகக் கேள்விப்பட்டேன். முதல் நாளே உனக்கு எப்படித் தெரியும்? அந்தப் பெட்டிக்குப் பூட்டுக் கொடுத்தது யார்? உன் கடைப் பூட்டு என்றால் சாவி எத்தனை, எங்கே இருக்கிறது?

தங்கை


பிப்ரவரி 3

வக்கீலம்மாவுக்கு,

முதலில் பூட்டு. ஆமாம், என் கடைப் பூட்டுதான். காசு வாங்கவில்லை. இரண்டு சாவியையும் அதிகாரி கையில் எண்ணிக் கொடுத்து, அவர் உறையில் போட்டு அரக்கு வைப்பதைப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். தெருவோரத்தில் துணியை விரித்துப் பழைய சாவி விற்று ஆரம்பித்தவன் நான். இன்றைக்கு இந்த ஊரில் பாதி ஷட்டரில் தொங்குவது என் பூட்டு. எவன் கடையையாவது நான் திறந்தேன் என்று ஒரு பேச்சு வந்திருக்கிறதா? எதிரிகூடக் கேட்காத கேள்வியைக் கூடப்பிறந்தவள் கேட்கிறாய்.

முதல் நாளே எப்படித் தெரியும் என்றால், அதிகாரியைப் போய்ப் பார்த்தவன் நான், அவர் சொல்லாமல் வேறு யார் சொல்வார்? இதில் என்ன மர்மம்?

மர்மம் உன் பக்கம்தான் இருக்கிறது. மருந்துக்கடைக்காரர் வழக்குப் போட்டுவிட்டார். சுற்றறிக்கை செல்லாதாம், சந்தைப் பெட்டியில் விழுந்த ஓட்டெல்லாம் செல்லாதாம், அவர்தான் ஜெயித்தவராம். என் வக்கீல் மனுவின் நகலைக் கொண்டுவந்து கொடுத்தார். உட்கார்ந்து படித்தேன். ஏழாவது பத்தியில் என்ன இருக்கிறது தெரியுமா? கடை மேனேஜர் ஷட்டரை முன்னால் தூக்கலாம், முதலாளியைக் கேட்காமல் எதிர்த்தெருவில் இரண்டாவது கடை திறக்க முடியாது. வரிக்கு வரி உன் பேச்சு.

மருந்து விற்கிறவருக்கு ஷட்டர் உதாரணம் எங்கேயிருந்து வந்தது? குழுவுக்குள் நடந்ததும் மனுவில் இருக்கிறது. நீ அதைச் சொன்னபோது என் கடை மாடியில் நாம் இரண்டு பேர்தான். நான் சொல்லவில்லை. மீதி யார்?

உனக்கு என்மேல் என்ன கோபம்? சம்பளக்காரி தங்கைக்கு வியாபாரி அண்ணன் சட்டசபைக்குள் வந்தது பொறுக்கவில்லையா?

அண்ணன்


பிப்ரவரி 10

மதிப்பிற்குரிய உறுப்பினர் அவர்களுக்கு,

நான் மருந்துக்கடைக்காரரைப் பார்த்ததில்லை. அவர் வக்கீலையும் பார்த்ததில்லை. குழுவில் நடந்ததை உங்களிடம் சொன்னதே தவறு. அண்ணன் என்று நினைத்துச் சொன்னேன்.

நீங்கள் எழுதிய ஜனவரிக் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். சங்கத்தில் எழுந்து நெடுநேரம் பேசினீர்களாம், நல்ல கைதட்டலாம். என்ன பேசினீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். யாரெல்லாம் உட்கார்ந்திருந்தார்கள் என்றும் யோசியுங்கள். கிடைக்காத சரக்கை வாங்கிவந்த கதையை நீங்கள் எப்படிச் சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். முதலில் அது எவ்வளவு கிடைக்காத சரக்கு என்று சொல்வீர்கள். அதற்கு ஒரு சாட்சியையும் இழுப்பீர்கள்.

இப்படிக்கு,
செயலக ஊழியர்


பிப்ரவரி 21

வக்கீலம்மாவுக்கு,

'நீங்கள்', 'உறுப்பினர் அவர்கள்' இதெல்லாம் நமக்குள் எதற்கு? திட்டுவதென்றால் 'நீ' என்றே திட்டு, பழகிய காதுக்குச் சுகமாக இருக்கும்.

யோசித்தேன். சங்கக் கூட்டத்தில் மருந்துக்கடைக்காரரின் மச்சானும் இருந்திருக்கிறார். பெயிண்ட் விற்கிறவர், சங்கத்தில் உறுப்பினர், வரக்கூடாது என்று சொல்ல முடியாது. உன் ஷட்டர் உதாரணத்தையும் குழுவில் நடந்ததையும் நான் சொன்னபோது எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் அவர்தான். அப்போது எனக்குப் பெருமையாக இருந்தது. இதற்குமேல் இதைப் பற்றி எழுதக் கை வரவில்லை.

இப்போது வேறு சங்கடம். குழுவின் பேச்சு வெளியில் அச்சானதில்லை. அதனால் அங்கே என்ன முடிவானது என்று சொல்ல ஒரு சாட்சி வேண்டும், உன்னைத்தான் கூப்பிடுவார்கள் என்கிறார் என் வக்கீல். நீ சொல்லாவிட்டால் அவர்கள் வழக்கு நொண்டும், சொன்னால் என் பதவி போகும். அவர் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன், நானாக எதையும் சேர்க்கவில்லை.

அது கிடக்கட்டும். உன் அண்ணிக்கு முழங்காலில் வலி. மாடிப்படி ஏற முடியவில்லை. ஆபரேஷன் செய்ய வேண்டியிருக்கும் போலிருக்கிறது. கூட ஆள் இல்லை. ஒரு மூன்று மாதம் லீவு போட்டுவிட்டு வந்து இருந்தால் நன்றாக இருக்கும். உனக்கும் ஓய்வு. கிழக்குப் பக்க அறையைச் சுத்தம் செய்யச் சொல்லியிருக்கிறேன்.

அண்ணன்


மார்ச் 1

அண்ணா,

அண்ணிக்குப் போன் செய்தேன். மூச்சு வாங்கப் பேசினார். முழங்கால் எப்படி இருக்கிறது என்றேன். "எந்த முழங்கால்? நான் மொட்டை மாடில துணி காயப்போட்டுட்டு இருக்கேன்" என்றார். அடுத்த தடவை நோய் வைக்கும்போது நோயாளியிடமும் ஒரு வார்த்தை சொல்லி வை.

சம்மன் வந்தால் போவேன். கேட்டதற்கு நடந்ததைச் சொல்வேன். உன்னைக் கவிழ்க்க வேண்டும் என்று ஒரு வார்த்தையும் கூட்டிச் சொல்ல மாட்டேன், காப்பாற்ற வேண்டும் என்று ஒரு வார்த்தையையும் விழுங்க மாட்டேன்.

போட்டவர்கள் உண்மையான ஆட்கள், போட்டது உண்மையான ஓட்டு என்று நீ சொல்வாய். எனக்கும் தெரியும். உன் தொழிலிலேயே சொல்கிறேன், இதையாவது சங்கத்தில் போய்ச் சொல்லாதே. சரக்கு நல்ல சரக்கு. வாங்கினவன் நல்ல எண்ணத்தில் வாங்கினான். ஆனால் விற்றவனுக்கு விற்கிற உரிமை இல்லை. அப்படி ஒரு சரக்கு உன் கடைக்கு வந்தால் நீ உள்ளே விடுவாயா?

தங்கை


மார்ச் 14

வக்கீலம்மாவுக்கு,

உள்ளே விடமாட்டேன். ஆனால் சரக்கின் சொந்தக்காரனே பின்னால் வந்து, "நான் சொல்லித்தான் விற்றான்" என்று எழுதிக் கொடுத்துவிட்டால்? அப்புறம் யார் என்ன கேட்க முடியும்?

அதுதான் நடக்கப் போகிறது. நேற்று எங்கள் கட்சிக் கொறடா கூப்பிட்டு அனுப்பினார். சட்டசபையில் ஒரு மசோதா வருகிறது. தேர்தல் அதிகாரி போட்ட சுற்றறிக்கை செல்லும், போன தேர்தலிலிருந்தே செல்லும். முதலாளியே கையெழுத்துப் போடுகிறார், உன் வாதப்படியே. சந்தை ஓட்டு நிற்கும், என் பதவி நிற்கும், மருந்துக்கடைக்காரர் மாத்திரை விற்கப் போகலாம். இரண்டு பக்கமும் தலைகள் ஏறக்குறையச் சமம் என்பதால் ஒருவரும் லீவு போடக்கூடாது என்றார். என் மசோதாவுக்கு நான் லீவு போடுவேனா?

அது உன் மேஜைக்குத்தான் எழுத வரும். வெளிப்படையாகவே கேட்கிறேன். ஏதாவது ஓட்டை வைத்து எழுதிவிட மாட்டாயே? நாளைக்குக் கோர்ட்டில் இழுத்தால் பிரிந்து வருகிற மாதிரி ஒரு தையல்? முழங்கால் விஷயத்தை மனசில் வைத்துக்கொள்ளாதே.

சந்தையில் எடை போடுகிற அக்காவிடம் வழக்கைப் பற்றிச் சொல்லியிருந்தேன். தராசை விட்டுவிட்டு வந்து என் முன்னால் நின்றார். "பெட்டில போடுன்னு சொன்னது நீங்க. இப்ப செல்லாதுன்னா, நான் யாரைப் போய்க் கேக்குறது?" என்றார். அவருக்கு அதுதான் முதல் ஓட்டு. மசோதா வந்ததும் போய்ச் சொல்ல வேண்டும்.

அண்ணன்


மார்ச் 22

அண்ணா,

என் மேஜைக்கு எது வந்தது, வரவில்லை என்று உறுப்பினரிடம் நான் பேசக்கூடாது.

மசோதா அச்சாகி உறுப்பினர்களுக்கு வரும்போது, முதல் பிரிவோடு நிறுத்திவிடாதே. நாலாவது பிரிவைப் படி. கொறடா சொல்கிறதைக் கேட்காதே, நான் சொல்கிறதையும் கேட்காதே. புதுப் பூட்டுக் கம்பெனியோடு கொள்முதல் ஒப்பந்தம் போடும்போது எப்படிப் படிப்பாயோ அப்படிப் படி.

தங்கை


ஏப்ரல் 11

வக்கீலம்மாவுக்கு,

பத்திரிகையில் பார்த்திருப்பாய். நடந்ததை நானே சொல்கிறேன்.

உன் கடிதம் வந்தபோது எனக்குச் சந்தேகம்தான் வந்தது. என்னைக் குழப்பிவிட்டு வழக்கை நடத்தப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். மசோதா வந்தது. முதல் பிரிவு, என் பதவி பத்திரம். இரண்டு, மூன்று, சம்பிரதாயம். நாலாவது: "தேர்தல் நடக்கும் நாள், இடம், முறை, பெட்டி ஆகிய எதையும் தேர்தல் அதிகாரி தாம் வேண்டும்போது, சட்டசபையைக் கேட்காமல் மாற்றலாம்."

விலை, தரம், வந்து சேரும் நாள் எதையும் தன் இஷ்டப்படி மாற்றலாம் என்று ஒரு கம்பெனி எனக்கு ஒப்பந்தம் நீட்டினால், அந்தக் காகிதத்தை அவர்கள் டீக்கோப்பைக்கு அடியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிடுவேன். என் பதவியை மேலே வைத்து, அதற்கு அடியில் இதை வைத்துக் கட்டியிருக்கிறார்கள். நல்ல பூட்டுக்கு நடுவில் துருப்பிடித்த பூட்டைச் செருகி டஜனாக விற்பது எங்கள் தெருவில் புதுசு இல்லை.

இருந்தாலும் எடுத்தேன் கவிழ்த்தேன் என்று போகவில்லை. தேர்தல் அதிகாரி, கொறடாவின் அறைக்கு வந்திருந்தார். எனக்கு வேண்டிய மனுஷன், கேட்டதும் பெட்டி கொடுத்தவர். சிரித்தபடியே கேட்டேன், அடுத்த தேர்தலிலும் சந்தையில் பெட்டி இருக்கும் அல்லவா என்று. அவர் கொறடாவைப் பார்த்தார். கொறடா சன்னலைப் பார்த்தார். பதில் சொன்னது அதிகாரிதான்.

"அப்போதைய நிலைமையைப் பொறுத்து நாங்க பாத்துக்கறோம் சார். அதை அப்புறம் பேசலாம்."

'அப்புறம் பேசலாம்' என்று நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அதற்கு அர்த்தம் எனக்குத் தெரியாதா? அந்தத் தடவை நான் வேண்டியவன், பெட்டி சந்தைக்கு வந்தது. அடுத்த தடவை வேறொருவன் வேண்டியவன், பெட்டி அவன் ஆலை வாசலுக்குப் போகும். அந்த அக்கா மறுபடி தராசோடு நிற்பார். நான் கேட்டு வாங்கியதாக ஊரெல்லாம் பெருமை அடித்தேனே, எனக்கு யாரும் எதையும் விற்கவில்லை. கொஞ்ச நாளைக்குக் கையில் கொடுத்து வைத்திருக்கிறார்கள்.

அப்படியென்றால் நாலாவது பிரிவை எடுத்துவிடுங்கள், சந்தைகளில் பெட்டி வைக்க வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதுங்கள், இனி அதை எடுக்க வேண்டுமானாலும் சட்டசபைக்கு வந்துதான் எடுக்க வேண்டும் என்றேன். கொறடா சன்னலை விட்டு என் பக்கம் திரும்பினார்.

"உங்க சீட்டைக் காப்பாத்தித் தர்றோம். எங்ககிட்டயே பேரம் பேசுறீங்களா?"

"வேற என்ன சார் எனக்குத் தெரியும்?"

பேரம் படியவில்லை. அன்று மதியம் ஓட்டெடுப்பில் மசோதாவுக்கு எதிராகக் கையைத் தூக்கினேன். மாடத்தில் நீ இருந்தாயா என்று பார்க்கவில்லை, பார்த்திருந்தால் கை இறங்கியிருக்குமோ என்னவோ. எங்கள் கட்சியிலேயே இரண்டு பேர் என்னைப் பார்த்துவிட்டு மெதுவாக எழுந்து வெளியே போனார்கள். அவர்களுக்கு என்ன கணக்கோ, நல்ல எண்ணம் என்று நான் நம்பவில்லை. மசோதா தோற்றது. கட்சியிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். நீ வந்து சாட்சி சொன்னதும் பதவியும் போகும்.

எடை போடுகிற அக்காவிடம் போனேன். உங்கள் ஓட்டை நானே கையைத் தூக்கிச் செல்லாததாக்கிவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? அடுத்த தேர்தலில் நின்று, பெட்டியைச் சட்டத்தில் எழுதிவிட்டு வருகிறேன் என்றேன். அவர் நம்பவில்லை. "உங்க பேச்சுக்கு எடைக்கல் எங்கே இருக்கு?" என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அவர் நம்பாததில் தப்பு இல்லை.

இப்போது ஒரு சங்கதி என்னைக் குடைகிறது. சட்டசபைக்குப் போனதிலிருந்து எத்தனையோ மசோதா வந்துவிட்டது. ஒன்றுக்கும் தலை எது வால் எது என்று எனக்குத் தெரிந்ததில்லை. 'மேற்சொன்னவற்றிற்கு முரணின்றி' என்று ஆரம்பித்தால் நாலு வரி தாண்டியும் முற்றுப்புள்ளி வராது. இந்த நாலாவது பிரிவு மட்டும் ஒரு பூட்டுக் கடைக்காரன் நின்றபடி படித்துப் புரிந்துகொள்கிற மாதிரி இருந்தது. அவர்கள் அப்படியா எழுதச் சொன்னார்கள்? இதற்குப் பதில் எழுதாதே. கடிதம் எங்கெங்கே போகுமோ தெரியாது.

அண்ணன்


ஏப்ரல் 19

அண்ணா,

சம்மன் வந்துவிட்டது. அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி. குழுவில் நடந்ததைச் சொல்வேன். நீ எங்கே வேண்டுமானாலும் உட்கார், எனக்கு எதிரில் மட்டும் உட்காராதே.

பதில் எழுதாதே என்கிறாய். எழுதுகிறேன், யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். என்னை என்ன எழுதச் சொன்னார்களோ அதைத்தான் எழுதினேன். ஒரு அதிகாரத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அந்தப் பிரிவை மூன்று தடவை எழுதினேன். முதல் இரண்டும் வழக்கமான பாணியில். கொறடா அவற்றை உட்கார்ந்து படித்தார், அங்கங்கே திருத்தினார், இரண்டாவது நன்றாக இருக்கிறது என்றார். சுத்தப் பிரதி எடுத்து வருகிறேன் என்று போய் மூன்றாவதை எழுதினேன். அதே விஷயம், ஒரே வாக்கியம். மேஜையில் வைத்தேன். ஏற்கெனவே படித்ததுதானே என்று கையெழுத்துப் போட்டார். செயலாளரும் போட்டார். அச்சகத்தில் எழுத்துப் பிழை பார்த்தார்கள். நூற்றுக்கணக்கில் பிரதி அடித்து எல்லா உறுப்பினர்களுக்கும் போயிற்று, அவரவர் மேஜையில் இருந்தது.

யாரும் படிக்கவில்லை. நீயும் படிக்க மாட்டாய் என்றுதான் நினைத்தேன்.

தங்கை